மட்டக்குளிச் சதுப்பு நிலம்

ஒக்டோபர் 21, வியாழன்

மட்டக்குளிச் சதுப்பு நிலத்தை இன்று கந்தோர் வரைபடத்தில் மேட்டு நிலமாக மாற்றி வரைந்து கொடுத்தேன். ஆற்று வெள்ளம் போய் நிற்க அந்தப் பக்கம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதை நிரப்பி மாடிவீடுகள் கட்டப் போகிறார்கள்.

"சேர், பிறகு அந்தத் தண்ணி எங்க போறது?" என்று மேலதிகாரியிடம் கேட்டனான்.

அவர் கோபப்படவில்லை. "வெள்ளவத்தையிலதானே இருக்கிறீர்? பொலிஸ் பதிவுக்கு இந்த முறையும் என்ர கடிதம் வேணும், என்ன?" என்றார். கொழும்பில் தங்கும் தமிழருக்கு அந்தப் பதிவு இல்லாவிட்டால் கைதுதான். நான் பேனையை எடுத்தேன்.

பின்னேரம் சதுப்போரம் குடியிருக்கும் ஒரு முஸ்லிம் பெண் கந்தோருக்கு வந்தா.

"லொறி லொறியா மண் கொட்டுறாங்க தங்கச்சி. எங்கட ஊட்டுக்குத் தண்ணி வருமா?"

மேலதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார். "வராது" என்றேன்.

அவவின் முகம் தெளிந்தது. "அப்ப உம்மாவ எங்கட தங்கச்சி ஊட்டுக்கு அனுப்பத் தேவல்ல. அவங்களுக்கு எழும்பி நடக்க ஏலாது" என்று சொல்லிப் போனா.

ஏழு மணிக்குத் தொடங்கிய மழை இன்னும் விடவில்லை. எந்த வீடு என்றுகூட நான் அவவிடம் கேட்கவில்லை.