எண்ணெய்ச் சட்டி வேலை

அன்பு மகள் ஜோலீனுக்கு,

ஆண்டவருக்குத் தோத்திரம். அம்மாவும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அரிசோனா வெயிலில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது, தார் ரோடு போடும் கம்பெனி ஏப்ரலில்தான் அப்பாவைத் திரும்பக் கூப்பிடும். முன்பெல்லாம் அதுவரை மாநில அரசு தரும் வேலையில்லாதோர் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா காத்திருப்பார். இந்த வருஷம் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். வாரா வாரம் வேறு வேலை தேட வேண்டும், எங்கே கேட்டோம் என்று எழுதித் தர வேண்டும், அங்கே போன் போட்டுச் சரிபார்க்கிறார்கள், கிடைத்த வேலைக்குப் போகாவிட்டால் பணம் நின்றுவிடும்.

அப்பாவும் மர ஆலை, இரும்புக் கடை, பெட்ரோல் பங்க் என்று ஏறி இறங்கினார். தலை நரையைப் பார்த்துவிட்டு "பாக்கலாம் ரோமன்" என்று அனுப்பிவிட்டார்களாம். கேட்க வேறு இடமில்லாமல் நம் கோவில் மண்டபத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். அங்கே தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மீன் பொரித்துப் போடும் சாப்பாட்டில் பங்குச் சாமியார் "எண்ணெய்ச் சட்டிக்கு சம்பளத்துக்கு ஆள் வைக்கணும்யா, வர்றியா?" என்று அவரைக் கிண்டல் செய்வாரே, அதை நம்பி. அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாரும் கோவிலுக்காகச் சும்மா செய்வதுதான். வேலையில்லாதோர் ஆபீசிலிருந்து மண்டபத்துக்குப் போன் செய்தபோது, அங்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நான்தான் எடுத்தேன். ரோமன் வோய்சிக் வேலை கேட்டாரா என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன், அதோடு வாயை மூடியிருக்கலாம். வேலை தருவீர்களா என்றாள். என் புருஷனை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? "அவரையா? நாளைக்கே வரட்டும், அவர மாதிரி உழைப்பாளி இந்த ஊர்லயே கிடையாதும்மா" என்று பீற்றிக்கொண்டேன். மனைவி என்று சொல்லவில்லை.

நேற்று கடிதம் வந்துவிட்டது, மண்டபத்தில் கொடுத்த வேலைக்குப் போகாததால் பணம் நிறுத்தம். கத்தப் போகிறார் என்று பயந்து நின்றேன். கத்தவில்லை ஜோலீன். திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "டோலி, யாரோ என்னை வேணும்னு சொல்லியிருக்காங்க. எங்கிட்ட சொல்லத்தான் மறந்துட்டாங்க போல" என்றார். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது, துணி மடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். ஆபீசில் உண்மையைச் சொன்னால் பணம் திரும்ப வரலாம். ஆனால் முதலில் இவரிடம் சொல்ல வேண்டுமே.

இன்று வெள்ளிக்கிழமை. சவரம் செய்துகொண்டு, உன் கல்யாணத்துக்குப் போட்ட சட்டையை இஸ்திரி போடச் சொன்னார், போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகளுக்கு முத்தம், ஆண்டவர் உங்களைக் காப்பாற்றட்டும். அப்பா போன் செய்தால் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மீன் பொரிக்கிற வேலைக்கு டை கட்டணுமா என்று கதவருகே நின்று கேட்கிறார், நான் இன்னும் வாய் திறக்கவில்லை.

உன் அம்மா,
டோலோரஸ்