கேட்டில் ஊதிய ஹாரன்

வேணிக்கு,

முந்தாநாள் பெரம்பலூரில், மகள் வீட்டில், பாதிச் சாப்பாட்டில் எழுந்து அரியலூர் பஸ் ஏறிவிட்டேன். வயிறு சரியில்லை என்றேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

மாப்பிள்ளை போனில் காட்டிய வீடியோதான் காரணம். எங்கள் சிமெண்ட் ஆலையில் நான் ஓட்டிய, சுண்ணாம்புக்கல் வேகன் இழுத்த பழைய இங்கிலாந்து டீசல் எஞ்சின், அதே ரகம். இங்கிலாந்தில் அதற்குப் பச்சை பெயின்ட் அடித்து இன்னும் ஓட்டுகிறார்கள். அதே உறுமல், அதே கரும்புகை. எனக்குக் கண் கலங்கியது. ஹாரன் கேட்டதும் நீ மகளிடம் சொன்னாய்: "உங்கப்பா ரெண்டு நீளம், ஒரு குட்டைன்னு ஊதுவாரு. மத்தியானம் அந்தச் சத்தம் கேட்டா உலை வச்சிடுவேன். ஒருநாளும் தவறுனதில்ல."

தவறியிருக்கிறேன், வேணி.

எத்தனையோ நாள் நான் வேலைக்கே போகவில்லை. ஜெயங்கொண்டத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தேன். நம் வீட்டுப் பக்கத்து ரயில்வே கேட்டில் என்னைப் போலவே ஊதும்படி இன்னொரு டிரைவர் பிச்சைமுத்துவிடம் சொல்லிவைத்திருந்தேன். அவனும் ஊதினான். சாயங்காலம் வந்து, "லோடு லேட்டாயிடுச்சு" என்பேன். நீ நம்பினாய்.

அவன் செத்தபோது, "பாவம், நல்ல மனுசன். ஆனா உங்கள மாதிரி அவருக்கு ஊத வராது" என்றாய்.

நான் சாப்பிடாமல் நீ சாப்பிட மாட்டாய். அந்த நாட்களில் நீ எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை.

உன் வீட்டுக்காரன்