மணலில வெண்ட சண்டை

ஆனி 8, திங்கள்
சொல்ல வெக்கம். மூட்டிவிட்டது நான்தான், முசுப்பாத்திக்கு.

நேற்றுப் பூசை முடிஞ்சு வந்து இவரும் அண்ணையும் தேத்தண்ணி குடிக்கேக்க கேட்டன், உங்கள் ரெண்டு பேரிட்டயும் விட்டிருந்தால் இயக்கம் தோத்த சண்டையை எப்பிடி வெண்டிருப்பியள் எண்டு. அண்ணை ஈர்க்கால மணலில படம் கீறினார். கடல் இங்க, களப்பு இங்க. ஒரே இடத்தில குவியாமல் காட்டுக்குள்ள சிதறியிருக்க வேணுமாம். இவர் சொன்னார், பேச்சுவார்த்தை நடக்கேக்கையே கிடைச்சதை வாங்கியிருந்தால் அதுதான் வெற்றி, சனமும் மிஞ்சியிருக்கும் எண்டு. பத்து நிமிசத்தில ரெண்டு தரம் வெண்டாச்சு. நான் சிரிச்சுச் சிரிச்சு வடை குடுத்தன்.

பிறகு அண்ணை: "நீ அப்ப பங்கருக்குள்ள இருந்தனி. உனக்கென்ன தெரியும்?"

இவர் காலால படத்தை அழிச்சுப்போட்டு எழும்பிப் போனார்.

பங்கருக்குள்ள இவற்ற மடியில எங்கட மகள். அப்ப அவள் மூண்டு மாசப் பிள்ளை.

ஆனி 10, புதன்
சோளகக் காற்று. காயப்போட்ட உடுப்பு பக்கத்து வளவில.

படகு எங்கட. எஞ்சின் அண்ணையின்ர. கழட்டி சைக்கிளில கட்டி தன்ர வீட்டை உருட்டிக்கொண்டு போட்டார். மற்றவைக்கு நல்ல மீன்பாடாம். எங்கட படகுக்குள்ள கோழி முட்டை இட்டிருக்கு.

வாங்க: சீனி, தேங்காய், மகளுக்குக் கொப்பி.

முகாமால வந்த நாளிலயிருந்து ஒண்டாக் கடலுக்குப் போறவை. இவர் இப்ப பகிடிக்கும் சிரிக்கிறாரில்லை. பயமாக்கிடக்கு.

ஆனி 11, வியாழன்
கணவாய்க் கறியோட அண்ணை வீட்டை போனன். எஞ்சின் மாமரத்துக்குக் கீழ, சாக்கு மூடி.

"எஞ்சின் இங்க, படகு அங்க. இந்த ரெண்டு தளபதியளையும் நம்பியோ அண்ணை வெல்லப் பாத்தனாங்கள்?"

குசினிக்குள்ள மச்சாள் சிரிச்சது கேட்டுது. அண்ணை சிரிக்கேல்லை. கறியைத் திறந்து பாத்துக்கொண்டு, மகள் சோதினைக்குப் படிக்கிறாளோ எண்டு கேட்டார். ஓம், நல்லாப் படிக்கிறாள் எண்டன்.

"அவன் பிள்ளையை விடாமல் பிடிச்சிருந்தவன். நான் அதைச் சொல்லியிருக்கக்கூடாது."

பிறகு ரெண்டு கோப்பை சோறு சாப்பிட்டார்.

ஆனி 12, வெள்ளி
காற்றுக் குறைவு. விடிய அண்ணை எஞ்சினோட படலையில. "மச்சான், அண்டைக்குச் சொன்னது..." எண்டு தொடங்கினார். இவர், பாரமாக்கிடக்கும் இங்க தா எண்டு ஒரு பக்கம் பிடிச்சார்.

படகைத் தள்ளேக்கையே அண்ணை காட்டைப்பற்றி இன்னொண்டு யோசிச்சனான் எண்டார். இவர் பேச்சுவார்த்தையில இருந்து துவங்கினார். அலை தாண்டியும் ரெண்டு பேற்ற சத்தமும் கேட்டுது. இந்தமுறை சேர்ந்து வெல்லப்போகினம் போல.

வலை கரையில கிடக்கு.