ஆற்று நடுவில் நின்ற வண்டி

லாரமி கோட்டை அருகே, பிளாட் ஆற்றங்கரை
ஜூலை 1852

அன்பு மகள் லவினியாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் கர்த்தர் கிருபையில் உயிரோடு இருக்கிறோம். மேற்கே ஓரிகனில் நீயும் மாப்பிள்ளை ஜோசையாவும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம்.

அசதியில் எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பொறுத்துக்கொள். வண்டியில் ஏறினால் மாட்டுக்குப் பாரம் என்று எல்லோரும் நடந்தே வருகிறோம், கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. மரமே இல்லாத சீமை, விறகுக்குப் பதில் காட்டெருமைச் சாணிதான். முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு குச்சியால் தள்ளினேன், இப்போது மடி நிறையப் பொறுக்கிவிட்டு அதே கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ரொட்டி தட்டுகிறேன். ஒஹையோவில் என் அடுப்படியைப் பார்த்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

முதல் பிள்ளையை மண்ணில் வைத்த பிறகு, இந்தத் தடவை அம்மா பக்கத்தில் இருந்தால்தான் பயம் போகும் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் கிளம்பினோம். அக்டோபரில் உனக்குப் பேறுகாலம், மலையில் பனி விழுவதும் அப்போதுதான். புல் முளைக்கும் முன் கிளம்பினால் மாடு பட்டினி, பனி விழுந்தபின் போனால் ஆள் பிழைப்பதில்லை, இடையில் உள்ள சந்தில் புகுந்து ஓடவேண்டியிருக்கிறது. ஜூலை நாலு, சுதந்திர தினத்துக்குள் பாதி வழியில் இருக்கும் பெரிய பாறையை எட்டினால்தான் பனிக்கு முன் மலையைத் தாண்டலாம் என்பார்கள். அந்த நாள் வந்து போய்விட்டது, நாங்கள் பாறையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

எல்லாம் உன் அப்பாவால் வந்தது. காலமெல்லாம் ஒஹையோ ஆற்றில் படகு தள்ளியவர் அல்லவா, தெற்கு பிளாட் ஆற்றின் அகலத்தைப் பார்த்ததும் "ஆத்தப் பத்தி எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று மார்தட்டிக்கொண்டு வண்டிப் பெட்டிக்குத் தார் பூசி மிதக்கவிடத் தயாராகிவிட்டார். இறங்கினால் தண்ணீர் முழங்கால் அளவுதான். எங்களோடு வரும் வண்டிக் கூட்டத்தின் தலைவர் ஹால்கம் கரையிலிருந்து "நிறுத்தாதீங்க, ஓட்டிக்கிட்டே இருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். இவரோ நம் ஊர் ஆறு என்ற நினைப்பில் நடுவில் வண்டியை நிறுத்தி, கழியை ஊன்றி ஆழம் பார்த்தார். அடியெல்லாம் புதைமணல். நின்ற மாத்திரத்தில் சக்கரங்கள் அச்சுவரை இறங்கிவிட்டன. வண்டியும் போயிற்று, இரண்டு மாடுகளும் போயின, தண்ணீரில் விழுந்து நனைந்தவருக்கு அன்று பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. மிஞ்சிய மாடுகள் நொண்டிக்கொண்டு கோட்டைவரை வந்ததே பெரிது.

நேற்று கூட்டம் கூடி, எங்களுக்காகக் காத்திருப்பதா போவதா என்று கை தூக்கச் சொன்னார்கள். போவதென்று முடிவாயிற்று. அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன, நான் யாரையும் நொந்துகொள்ளவில்லை. நம் பக்கத்துத் தெரு கெசையா மட்டும் வந்து "என் மாவு இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வரும், நீ வா. உன் வீட்டுக்காரர் வேணாம்மா, வழியில இன்னும் ஆறெல்லாம் இருக்கு" என்றாள். அழுகையிலும் சிரித்துவிட்டேன்.

ஆனால் இருமல்காரரை இந்த வெட்டவெளியில் விட்டுவிட்டு எப்படிப் போவது, நானும் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றேன். ஆற்றில் விழுந்த நாளிலிருந்து யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்காதவர், அப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு "நடுவுல நான் நின்னது போதும் ரோடா. நீயும் நின்னுடாதே, போயிட்டே இரு" என்றார். அவர்மேல் இத்தனை நாளாக வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கோட்டையில் கொல்லனுக்குத் துருத்தி ஊதிக் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, அடுத்த புல்லுக்கு மாடுகளோடு வருவதாகச் சொல்கிறார். வருவார் என்றுதான் நானும் நம்புகிறேன்.

ஆகவே நான் வருகிறேன். கோவேறு கழுதைகளில் வேகமாகப் போகிறவர்கள் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார்கள், எனக்கு முன்னால் உன்னிடம் வந்துவிடும். தண்ணீர் வாளி தூக்காதே, மாப்பிள்ளையை இப்போதே விறகு அடுக்கச் சொல். பனி முந்திக்கொண்டு நான் வராமல் போனால் தவித்து நிற்காதே, அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்ற ஒருத்தியிடம் வெட்கப்படாமல் சொல்லிவை. கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் வந்து சேரும் அன்று என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து அப்பா எங்கே என்று கேட்காதே. கேட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன், அப்புறம் என்னால் எழுந்திருக்க முடியாது.

இப்படிக்கு,
நடந்துகொண்டே இருக்கும் உன் அம்மா
ரோடா