வெளியே போகாத நோட்டு

மார்ச் 7, வெள்ளி

இன்றைக்கு ஒன்பது பேர் வரவில்லை. ஆறாம் வகுப்பில் நாலு, ஏழில் மூணு, எட்டில் ரெண்டு. எல்லாம் அம்மை. வருசா வருசம் இந்த வெயிலோடு வருவதுதான், இந்த வருசம் கொஞ்சம் கூடுதல்.

மத்தியானம் தலைமையாசிரியர் சாமுவேல் சார் கூப்பிட்டார். "பெரிய கிளாசுக்கெல்லாம் ஒரு வாரம் லீவு உட்டர்லாம்னு சொல்லிட்டாங்க டீச்சர். ஆனா புள்ளைக ஊட்லயே எதாச்சும் செய்யோணும். தெனம் ஒரு செயல்பாடு, ஏழு நாளைக்கு ஏழு. நீங்கதான் நல்லா எழுதுவீங்க."

'நீங்கதான் நல்லா' என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு இடுப்பு வலி வந்துவிடுகிறது. பதினேழு வருசமாக நான்தான் நல்லா எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கூடவே ஒரு படிவமும் தந்தார். கோயமுத்தூரில் இருக்கிற உண்டு உறைவிடப் பள்ளிக்கு நம் ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெயர் அனுப்பலாம். எட்டாவதில் சேர்ந்தால் பன்னிரண்டு வரைக்கும் அங்கேயே படிப்பு, சாப்பாடு, தங்கல். வகுப்பாசிரியர் கையெழுத்தோடு பதினேழாம் தேதி மத்தியானத்துக்குள் கிணத்துக்கடவு ஆபீசில் இருக்க வேண்டும். பிள்ளை தானாகச் செய்த வேலை ஏதாவது ஆதாரமாக வேண்டுமாம். "இந்த ஒரு வார நோட்டையே வெச்சுக்கலாமுங்க" என்றார் சார்.

யாரென்று யோசிக்க வேண்டியதே இல்லை. செவ்வந்தி. எங்கள் பள்ளி எட்டோடு முடிகிறது. அவள் அக்கா எட்டு முடித்த மறுமாசமே மில் வேலைக்கு ஆள் ஏற்றுகிற வண்டியில் ஏறிவிட்டாள். இவளுக்கும் அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். இந்தப் படிவம் ஒன்றுதான் குறுக்கே இருக்கிறது.

மார்ச் 8, சனி

எழுதி முடித்து, ஜெராக்ஸ் எடுத்து, பிள்ளைகளை வரச்சொல்லிக் கொடுத்தும் ஆயிற்று. வீட்டுத் தரையைச் சாணால் அளந்து பரப்பளவு. காலை, மதியம், மாலை நிழலின் நீளம். மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீரும் புளித்தண்ணீரும் விட்டு நிறம் பார்ப்பது. வீட்டில் ஒருவரிடம் இதுவரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்பது. தெருவின் வரைபடம். ஆறாவதுக்கு வரும்போது மூளை நின்றுவிட்டது. பிடித்த சமையலின் செய்முறை என்று போட்டேன். ஏழாவது: இந்த வாரம் நீயாகக் கண்டுபிடித்த ஒன்று.

அடியில் கொட்டை எழுத்தில்: 'ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் நோட்டு பள்ளி வாசல் பெட்டியில் இருக்க வேண்டும். தாமதமாக வருவது ஏற்கப்படாது.' போன வருசம் இரக்கப்பட்டு ரெண்டு பேருடையதைத் தாமதமாக வாங்கினேன். மற்ற பெற்றோர் வந்து அரை மணி நேரம் நியாயம் கேட்டார்கள். இனி இரக்கமெல்லாம் கிடையாது. தெம்பில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து போன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா: "ஏனுங்க டீச்சர், அம்மா வந்திருக்கற ஊட்ல சோப்பு எடுக்கலாமுங்களா? தாளிக்கறதே இல்லீங்க, இதுல என்னத்தைங்க சமையல் எழுதறது?"

நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே! அம்மைக்காக விட்ட லீவில் அம்மை வீட்டில் செய்யவே முடியாத வேலையைக் கொடுத்திருக்கிறேன். "முடியாததை உட்ருங்க" என்று சொல்லி வைத்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

மார்ச் 12, புதன்

எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் மகள் பூஜிதாவுக்கு முதுகில் ஏழு, வயிற்றில் நாலு. டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கி வருவதற்குள் மாமியார் கேட்டில் வேப்பிலை செருகிவிட்டார். எட்டாம் வகுப்புக்கு வைரஸ் பாடம் நடத்துகிற டீச்சர் வீட்டு வாசலில் வேப்பிலை. இருக்கட்டும். என் மாமியார் பழனாத்தாளிடம் வாதாடி ஜெயித்தவர்கள் இந்தத் தெருவில் யாருமில்லை. அவர் மகன், என் வீட்டுக்காரர், மட்டும் தப்பித்தார், லாரியோடு நாக்பூரில் இருக்கிறார்.

படுத்தபடி சலித்துக்கொண்டிருந்தவளிடம் என் செயல்பாட்டுத் தாளைக் கொடுத்தேன். ஒரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "நீ எழுதுனத நீயே செஞ்சுக்கம்மா. எனக்கு அரிக்குது."

மார்ச் 13, வியாழன்

பக்கத்து வீட்டு அம்புஜம் அக்கா மதிலுக்கு அந்தப்பக்கம் நின்று ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை கேட்டார். மாமியார் சொல்லுமுன் நானே சொல்லிவிட்டேன்: "அம்மா வந்திருக்காங்கக்கா. மூணாந்தண்ணி ஊத்தறவரைக்கும் ஊட்லருந்து ஒண்ணும் குடுக்கறதில்ல." அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மூணாவது தடவை தலைக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றி அம்மை இறங்குகிறவரைக்கும் இங்கே இதுதான் வழக்கம். மரம் நிறையக் கறிவேப்பிலை. எனக்கே சிரிப்பு வந்தது, ஆனால் கொடுக்கவில்லை.

மார்ச் 15, சனி

மூணு நாளாகச் சரியான தூக்கமில்லை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 16, ஞாயிறு

நாலரை மணிக்கு சார் போன் செய்தார். ஏழாம் வகுப்பில் பதினேழு பேர், பதினாலு நோட்டு வந்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்.

"செவ்வந்தி நோட்டு இல்லீங்க டீச்சர்."

கோபம் வந்தது. அவள்மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தேன். ஒரு வாரம் சும்மா வீட்டில் இருந்தவளுக்கு ஒரு நோட்டைக் கொண்டுவந்து பெட்டியில் போட முடியாதா? ஆள் விட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஒரு காரணம் சொல்வார்கள், அதைக் கேட்டுக்கொள்ளவும் எனக்குத் தெம்பு வேண்டுமே. கொட்டை எழுத்தில் போட்டாயிற்று, போட்டதுதான்.

ரவிதேஜாவின் நோட்டு சுத்தமாக இருந்தது. ஏழும் செய்திருந்தான். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. படிவத்தில் அவன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சார் பைக்கில் வந்து பின்பக்க மதிலோரம் நின்றார். மாமியார் குளிக்கப் போன நேரம் பார்த்து, துணி துவைக்கிற கல் மேல் ஏறி மதிலுக்கு மேலாக எட்டிக் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் காகிதத்துக்கெல்லாம் சாமி கோபித்துக்கொள்ளாது.

மார்ச் 17, திங்கள்

ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

காலை எட்டு மணிக்குத் தெரியாத நம்பர். "டீச்சருங்களா? நாந்தானுங்க, ஏழாவது செவ்வந்தி."

"நோட்டு எங்கே?" என்றுதான் கேட்டேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.

"தம்பிக்கு அம்மா வந்திருக்குதுங்க டீச்சர். மூணாந்தண்ணி ஊத்தறவரைக்கும் ஊட்டுப் பொருளு ஒண்ணும் வெளிய போகக்கூடாதுன்னுட்டாங்க. அப்பா பொள்ளாச்சிப் பக்கம் தோப்புல தேங்கா போடப் போயிருந்தாருங்க, போனு அவருகிட்ட. நேத்து ராத்திரிதான் வந்தாரு. நோட்டுத்தானுங்களே வெளிய போகக்கூடாது. நான் வாசிக்கறனுங்க. கேட்டுக்குவீங்களா?"

தம்பி பள்ளிக்கூடம் போகிற வயசில்லாத குழந்தை. யாருக்கும் தெரியவில்லை. நானும் கேட்கவில்லையே!

துவைக்கிற கல்லில்தான் உட்கார்ந்தேன், நேற்று ஏறி நின்ற அதே கல்லில். அவள் வாசித்தாள். முப்பது நிமிசத்துக்கு மேலே இருக்கும். தலைப்பு, தேதி, அடிக்கோடு போட்ட இடம் எல்லாம் சொல்லிச் சொல்லி வாசித்தாள்.

வீடு நீளம் நாற்பத்தைந்து சாண், அகலம் இருபத்தெட்டு. "தம்பி படுத்திருக்கற எடத்துக்கிட்ட போக உடலீங்க. அது பத்துக்கு ஆறு இருக்கும்னு கண்ணாலயே பாத்து அறுபதைக் கழிச்சுபோட்டேன். ஆயிரத்து எரநூறு சதுரச் சாணுங்க."

சோப்பு எடுக்கக்கூடாது என்றதால் அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மஞ்சள் துணியில் விட்டிருக்கிறாள். சிவந்திருக்கிறது. இதை நான் சொல்லித்தரவில்லை. எந்த நோட்டிலும் இது இல்லை, ரவிதேஜா நோட்டிலும் இல்லை. சமையலுக்குக் கம்மங்கூழ் கரைப்பது எப்படி என்று எழுதியிருந்தாள். தாளிப்பு வேண்டாமே.

இதுவரை கேட்காத கேள்வியை அவள் அப்பா அங்கப்பனிடம் கேட்டிருக்கிறாள், நேற்று ராத்திரி அவர் வந்ததும். நீங்க எதுக்குப் பயப்படுவீங்க? "தென்ன மரத்துக்குப் பயமில்ல கண்ணு. உங்க பள்ளிக்கூடத்து ஆபீஸ் ரூமுன்னாத்தான் கொஞ்சம் பயம்" என்றாராம். அப்படியே எழுதியிருக்கிறாள், அப்படியே வாசிக்கிறாள்.

கடைசியாக, தானாகக் கண்டுபிடித்தது: "செவந்த துணியக் காயவெச்சு அதுமேல புளித்தண்ணி உட்டனுங்க. திரும்ப மஞ்சளாயிருச்சு. போன நெறம் திரும்பி வருதுங்க டீச்சர், அதெப்படிங்க?"

நான் பதில் சொல்லுமுன் போனை அங்கப்பன் வாங்கிக்கொண்டார்.

"மின்னாடியே சொல்லாதது தப்புத்தானுங்க. நீங்களும் நம்மூருக்காரங்கதானுங்களே, அம்மை ஊட்லருந்து நோட்டு வராதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு இருந்துபோட்டனுங்க. புள்ளதான் நேத்து நாலு மணிலருந்து சோறு திங்கல."

தெரியும். எனக்குத் தெரியாதா? ரெண்டு இணுக்குக் கறிவேப்பிலை கொடுக்காதவள் நான். என் வீட்டு இலை வெளியே போகக்கூடாது, அவள் வீட்டு நோட்டு மட்டும் நாலு மணிக்குள் பெட்டியில் விழ வேண்டும். அதுவும் எனக்கு அவசரம் என்றதும் கல் மேல் ஏறிக் கொடுத்துவிட்டேன். பதிமூணு வயசுப் பிள்ளை, வீட்டில் சொன்னதற்குக் கட்டுப்பட்டு அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறது. நானெல்லாம் டீச்சர் — வெக்கமா இருக்கு, வேறென்ன சொல்ல.

சாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். நாலாவது தடவை எடுத்தார். "சார், படிவம் குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க டீச்சர், இப்பத்தான் கெளம்பறேன். நேத்தே அந்த ஆபீசர் ஊட்ல போற வழில குடுத்துடலாம்னு இருந்தேன். எங்கூட்ல ஒரே சத்தம். நாங்க சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா எங்கூட்டுக்காரிக்கு இதுல மட்டும் பயம். வேப்பிலை கட்டுன ஊட்டுக் காகிதத்தை உள்ளயும் கொண்டு வராத, வேற யாரு ஊட்டுக்கும் கொண்டு போகாதன்னுட்டா. பைக் பெட்டில கெடக்குது."

நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. சார் பயந்துபோய் "ஏனுங்க, பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங்களே?" என்றார். நடந்ததைச் சொன்னேன். "வெறும் படிவம் ஒண்ணு எங்கிட்ட இருக்குது. வாரேன்" என்றார்.

மதில் மேலேயே வைத்து எழுதினேன். ஆதாரம் என்ற கட்டத்தில், 'அம்மை காரணமாக நோட்டு வீட்டில் உள்ளது. ஏழு செயல்பாடுகளையும் மாணவி தொலைபேசியில் வாசிக்க, நான் முழுவதும் கேட்டேன். நோட்டு பின்னர் ஒப்படைக்கப்படும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடும்போது பின்னால் மாமியார்.

"நேத்தும் இப்படித்தான் குடுத்தியா?"

"ஆமாங்கத்தை."

என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய்ச் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து படிவத்தின் மேல் வேப்பிலையால் தெளித்தார். "நாளைக்கு எதாச்சும் ஒண்ணுன்னா எம்மேல சொல்லாத அம்மணி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்ச் 18, செவ்வாய்

சார் போன் செய்தார். பதினொன்றரைக்கே கொடுத்துவிட்டாராம். ஆபீசில் மஞ்சள் புள்ளிகளைப் பார்த்து, "என்னங்க, சாம்பாரா?" என்று கேட்டிருக்கிறார்கள். சார், "ஆமாங்க" என்று சொல்லிவிட்டாராம்.

பழைய படிவம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ரவிதேஜாவுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

மார்ச் 26, புதன்

நேற்று பூஜிதாவுக்கு மூணாந்தண்ணி ஊற்றியாயிற்று. இன்றைக்குத்தான் பள்ளிக்குப் போனேன். முதல் வேலையாக அம்புஜம் அக்கா வீட்டுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்துவிட்டுப் போனேன்.

மேசைமேல் செவ்வந்தியின் நோட்டு. அங்கப்பன் வெள்ளிக்கிழமையே கொண்டுவந்தாராம். ஆபீஸ் ரூமுக்குள் வரவில்லை, வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவள் போனில் வாசித்ததில் ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் அவள் எனக்கு வாசிக்காத ஒரு வரி இருந்தது. 'தாமதத்துக்கு மன்னிக்கவும் டீச்சர்.'

அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் என்ன எழுதுவது? மதியம் வரைக்கும் எடுத்து எடுத்து வைத்தேன். 'என்னையும்' என்று எழுதினேன்.

ஜூன் 9, திங்கள்

புது வருசம், எட்டாம் வகுப்பும் என் தலையில்தான் விழுந்தது. முதல் பீரியடு வருகைப் பதிவு. இடுப்பு வலி பழையபடி. இன்னும் மூணு படிவம் நிரப்ப வேண்டும், நல்லா எழுதுகிறவள் நான்தானே. ஏதோ நினைப்பில் போன வருசப் பழக்கத்தில், ரவிதேஜா பெயருக்கு அப்புறம் "செவ்வந்தி" என்று கூப்பிட்டுவிட்டேன்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ரவிதேஜாதான் எழுந்து சொன்னான். "அவ கோயமுத்தூருக்குப் போயிட்டாளுங்க டீச்சர். நீங்கதானுங்க அனுப்புனீங்க."

"ஆமாங் கண்ணு, மறந்துட்டேன்" என்றேன். அவன் உட்காருகிறவரைக்கும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.