ஓடையைக் கழுவிவிட்டார்கள்

அன்பு மகள் ரெனாட்டாவுக்கு, அம்மா டோலோரஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அங்கே அரிசோனா வெயிலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இங்கே மிச்சிகனில் மே பிறந்தும் வேலியோரம் பனி கிடக்கிறது, கருப்பு ஈ மட்டும் தவறாமல் வந்துவிட்டது. தோட்டத்தில் ருபார்ப் செடி துளிர்த்திருக்கிறது, ஆனால் அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை.

ஜூனில் வருகிறேன் என்று நீ போன் செய்ததிலிருந்து அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலத்துக்குக் கீழே நீ வருஷாவருஷம் ஆராய்ச்சிக்காகக் குனிந்து அந்த அபூர்வ வண்டைத் தேடுகிற இடம் பாசி பிடித்து அசிங்கமாகக் கிடக்கிறதாம். விருந்தாளி வந்தால் எல்லோரும் வாசலைப் பெருக்குவார்கள், இவர் ஓடையைப் பெருக்கக் கிளம்பினார். பக்கத்துப் பண்ணை கசிமிரும் டிரவுட் மீன் பிடிக்கிற கூட்டாளிகளும் சேர்ந்துகொண்டார்கள், அவர்களுக்குத்தான் மரத்தைக் கடித்துப் போட்டு ஓடையை அடைக்கிற பீவரைக் கண்டாலே ஆகாதே. "அந்தப் பல்லன் கட்டின அணையப் பிடுங்கிப் போட்டாத்தான்டா தண்ணி ஓடும், மீனும் வரும், உம் பொண்ணோட பூச்சியும் கொழுக்கும்" என்றான் கசிமிர். அப்பா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "எம் பொண்ணு வர்றப்போ கல்லு ஒவ்வொண்ணும் தட்டு மாதிரி மின்னணும்" என்று தேய்த்த தேய்ப்பைப் பார்க்க வேண்டுமே. நான் சாசேஜ் பொரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன், எனக்கும் உறைக்கவில்லை.

அணை போனதும் அதன் பின்னால் இத்தனை காலம் தேங்கியிருந்த மணலும் சேறும் மொத்தமாக இறங்கி அந்தக் கற்களை மூடிவிட்டன. அப்போதுதான் நீ சொன்னது எனக்கு நினைவு வந்தது, "பாசிதாம்மா அந்த வண்டுக்குச் சோறு, அந்த அணைதான் அதுக்குக் காவல்" என்று. அதை நான் சொன்னதும் அப்பா முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து தினமும் என் மாக்ரோனி வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பூட்ஸோடு இறங்கிவிடுகிறார், அரிசி அளவு மஞ்சள் வண்டு ஒன்றாவது ஊர்கிறதா என்று. சேறுதான் வருகிறது. அதற்கு ஒழுங்காக நீந்தவும் தெரியாதே, எங்கே ஓடித் தப்பியிருக்கும் பாவம். மனிதர் சரியாகச் சாப்பிடுவதில்லை. "அவகிட்டச் சொல்லிடாத டோலி, தெரிஞ்சா வரமாட்டா" என்கிறார். நீ வந்து, அந்தச் சேற்றைப் பார்த்து, அவர் முன்னால் அழுதுவிட்டால் அவர் தாங்கமாட்டார், அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

கோபம் வந்தால் என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே. ஒன்று சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லை என்றாய், எனக்கு ஆபரேஷன் நடந்தபோதும் இல்லை என்றாய். ஜூனில் மட்டும் உனக்கு எப்படியோ லீவு கிடைத்துவிடும். அந்த வண்டுக்காகத்தான் வருகிறாய் என்று எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எங்கள் மேஜையில்தானே சாப்பிட்டாய், அது போதும் என்று இருந்தோம்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. உன் அறையில் விரிப்பு மாற்றிவிட்டேன். ஓடையில் வண்டு இல்லை ரெனாட்டா, நாங்கள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். வருவாயா?

உன் அம்மா,
டோலோரஸ்