ஒதியம்பட்டையும் டீத்தூளும்

ஜூலை 6, ஞாயிறு
காலையிலிருந்து நசநச மழை. துணி காயல. மார்டள்ளியிலிருந்து மாமா வந்தாச்சு, பை நிறைய ஒதியம்பட்டையோடு. அம்மாவுக்கு. புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கியதிலிருந்து புரண்டு படுக்கக்கூட முடியல.
"ரெண்டு வேளை காய்ச்சிக் குடிங்கக்கா, வலி ஓடியே போயிரும்."
நான்: "எங்க ஓடும் மாமா, பஸ் ஸ்டாண்டுக்கா?"
"ஒதியமரமாட்ட வளந்திருக்கற, வாய் மட்டும் குறையல."
ஆக, நாளையிலிருந்து என் தோலைத்தான் உரித்துக் காய்ச்சப் போகிறார்கள்.
ஆஸ்பத்திரி மாத்திரையை அம்மா தொடுவதே இல்லை. கஷாயம் போதுமாம்.

ஜூலை 7, திங்கள்
கஷாயம்: சேத்துத் தண்ணி நிறம். செம துவர்ப்பு. அம்மா குடித்ததும் வலி எப்படின்னு கேட்டேன்.
"குறைஞ்சிருக்கு கண்ணு."
முகம் அப்படிச் சொல்லல.
ஐடியா! நாளைக்குப் பட்டைக்குப் பதில் டீத்தூள் + வெந்தயம். மூச்சு விடக்கூடாது. காலேஜ்ல படிக்கிற பி.யூ. கெமிஸ்ட்ரிக்கு முதல் முறையா ஒரு உபயோகம்.

ஜூலை 8, செவ்வாய்
டம்ளரை நீட்டினேன். மூக்கைச் சுளித்துக் குடித்தாள். "எப்படிம்மா?"
"நல்லாக் கேக்குது. உங்க மாமன் கைராசி."
சிரிப்பு தாங்கல. சாப்பாட்டு நேரத்தில் போட்டு உடைத்தேன்: "மாமா, உங்க பட்டைக்குப் பட்டை நாமம்! அம்மா குடிச்சது டீத்தூள்!"
யாரும் சிரிக்கல. மாமா எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் பாதிச் சோறு.
அம்மா: "ரெண்டு பஸ் மாறித் தூக்கிட்டு வந்தான்டி." திட்டியிருக்கலாம்.

ஜூலை 9, புதன்
ஆஸ்பத்திரி. டாக்டர் ரூமுக்குள்ள போனதும் அம்மா என்னைத் தண்ணி பாட்டில் வாங்கி வரச் சொன்னாள். போகல. கதவுக்கு வெளியே நின்றேன்.
மாத்திரை ஏன் எடுக்கலைன்னு டாக்டர் கன்னடத்தில் கேட்டார். அம்மாவும் கன்னடத்தில்: "தும்ப நோவு சார். தடையோக்கே ஆகல்ல." தாங்கவே முடியலையாம். பட்டையும் கேக்கல, எதுவும் கேக்கலயாம். தம்பி மனசு நோகக் கூடாதுன்னு குறைஞ்சதா சொல்றாளாம். மாத்திரை போட்டா பொழுதன்னைக்கும் தூக்கமாம்.
"சாயங்காலம் என் பொண்ணு காலேஜ் விட்டு வந்து ஏதாவது உளறுவா சார். அதைக் கேக்க முடியாமப் போகுது."


வீட்டுக்கு வந்ததும் மாத்திரையும் தண்ணியுமாகப் போய் நின்றேன்.
"அப்புறம் போடறேன்டி."
"இப்பவே போடு."
போட்டாள். "சரி, ஏதாவது சொல்லு."
பிரின்சிபால் ஸ்கூட்டருக்குக் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் கட்டிவிட்ட கதையை ஆரம்பித்தேன். நல்ல இடம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.